உப்பிலி வைத்த ஒரு பானை சூப்

பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு ஊழியர்களுக்கும் தேறி வருகிறவர்களுக்கும் சமைக்கிறது. அங்கே எண்ணெய் உண்டு, மிளகு உண்டு, சிரிப்பும் உண்டு. இரண்டாவது பிரிவு, பல் இல்லாதவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்குகிறது. அங்கே மனிதர்கள் பேசுவதில்லை, இயந்திரம்தான் பேசும். மூன்றாவது உப்பில்லாப் பிரிவு. இருதயம் களைத்தவர்கள், சிறுநீரகம் ஒத்துழைக்க மறுத்தவர்கள், இரத்தக் கொதிப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்தவர்கள் ஆகிய இருநூறு பேருக்கு அங்கே மூன்று வேளையும் உணவு தயாராகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பிரிவின் தலைமைச் சமையலராக இருப்பவரை எல்லோரும் உப்பிலி என்றே அழைக்கிறார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

உப்பிலி தம் தொழிலில் குறை வைப்பவர் அல்லர். மருத்துவர்கள் எழுதிச் சுவரில் ஒட்டிய விதிகளை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. விளைவாக, காலியான தட்டு என்ற ஒன்றை அவர் கண்டதே இல்லை. போகிற தட்டுகள் போனபடியே திரும்பும்; சிலவற்றில் கரண்டி மட்டும் இடம் மாறியிருக்கும். ஒருமுறை ஏழாம் படுக்கைக்காரர் செவிலியரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, என்னை வீட்டுக்கு அனுப்புங்க, இல்லாட்டி மேல அனுப்புங்க, அந்த சூப்ப மட்டும் திரும்ப அனுப்பாதீங்க" என்று மன்றாடினாராம். நோயாளிகள் விரைந்து குணமடைந்து வெளியேறுவதில் உப்பில்லாப் பிரிவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று மேலாளர் ஆண்டறிக்கையில் எழுதினார். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொள்வதா கூடாதா என்று உப்பிலி இன்னும் முடிவு செய்யவில்லை.

இத்தகைய மனிதரின் நாக்கு என்னவாகும்? வெளியில் எதைத் தின்றாலும் அவருக்குக் கடல்நீரைக் குடித்தாற்போலிருக்கும். வீட்டில் அவர் சமைத்தால், அது ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த உணவாகவே இருக்கும். மகள் எட்டு வயது வரை, உப்பு என்பது அப்பா சமைக்கிற நாள்களில் அம்மா மேசைக்கடியில் இரகசியமாகக் கொடுக்கிற மருந்து என்று நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வேறு ஊரில் படிக்கிறாள். விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாத ஒரே மாணவி அவள்தானாம், வளர்ப்பு அப்படி.

மகளின் எட்டாம் வயதில்தான் வீட்டு அடுப்படியிலிருந்து உப்பிலி வெளியேற்றப்பட்டார். வெளியேற்றியவர் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் தம் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு இந்த ஊரின் பாதிப் பேரை உயிரோடு காப்பாற்றியவர். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அம்மா. உப்பிலியும் ஒரு காலத்தில் அவருடைய மாணவர்தான். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர். இவரை ரோட்டில் விடுவதைவிட வீட்டில் வைத்துக்கொள்வதே பொதுமக்களுக்கு நல்லது என்று கருதித் தாம் கட்டிக்கொண்டதாகப் பிரேக் அம்மா சொல்வார். சாதாரண வேளைகளில் கணவரை "நீங்க" என்றுதான் அழைப்பார். ஆனால் பாடம் நடத்தும் குரல் வந்துவிட்டால் மரியாதைப் பன்மை முதலில் இறங்கிப் போய்விடும்.

அடுப்படியை இழந்தவருக்குக் கொல்லைப்புறம் ஒதுக்கப்பட்டது. நடந்து அளந்தால் பதினோரு எட்டு நீளம், ஆறு எட்டு அகலம். ஆஸ்பத்திரி கழித்துக் கட்டிய அலுமினியத் தட்டுகளில் நாற்று விட்டு, ஒவ்வொரு பாத்திக்கும் நோயாளிக் கட்டிலில் தொங்குவது போல ஓர் அட்டை தொங்கவிட்டு, விதைத்த நாள், நீர் விட்ட நாள், பூச்சி வந்த நாள் எல்லாம் குறித்துவைத்தார். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, வேலியோரம் இரண்டு பரங்கிக் கொடி. நன்றாகவே விளைந்தன. விளைந்ததைக் கூடையில் வைத்துக் கொல்லைக் கதவருகே கொடுத்துவிட்டு அவர் நின்றுகொள்வார். உள்ளே பிரேக் அம்மா சமைப்பார். உப்பும் நெய்யுமாகக் கொதிக்கிற மணம் ஜன்னல் வழியாக வரும். தாம் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் வளர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது.

இப்படியே பதினோரு ஆண்டுகள் போயிருந்தன. பிறகு குளிர் வந்தது.

முதல் குளிர்மழை பெய்த காலை, பிரேக் அம்மா கொல்லைப் படியில் கால் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. பிரேக் போட மறந்துவிட்டாரா என்று ஊரே விசாரித்தது. முழங்கைவரை மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாது. அப்போதும் அவர் அடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. இடக்கையால் முட்டையை உடைத்தார். பாதி வாணலியில் விழுந்தது, பாதி அடுப்பில் விழுந்தது. பத்து நாள் ரொட்டியும் முட்டையும் ஓடின. பதினோராம் நாள் முட்டைத் தட்டோடு எதிரே உட்கார்ந்த உப்பிலி பேச்செடுத்தார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடு. ஒரே ஒரு பானை. தோட்டத்துக் காய் எல்லாம் போட்டு சூப் வைக்கிறேன்."

"வேணாங்க. குளிர் காலத்துல மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் வாய்க்கு ருசியா சூடா சாப்பிடறது. அதையும் ஏன் கெடுக்கணும்?"

"ஒரு கிண்ணம் குடிச்சுட்டு நீயா 'இன்னும் ஊத்துங்க'ன்னு கேட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை அடுப்பு எனக்கு."

"கேக்கலைன்னா?"

"இந்த ஜென்மத்துல அடுப்புப் பக்கம் வரமாட்டேன். தோட்டத்தோட நின்னுக்கிறேன்."

பிரேக் அம்மா முட்டையை மென்றுகொண்டே யோசித்தார். வாழ்நாள் முழுவதற்கும் தொல்லை ஒழிய இது மலிவான வழி என்று பட்டிருக்க வேண்டும். "சரி. ஆனா நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

உப்பிலிக்கு அடுப்பு பெரிதன்று. அது சும்மா ஒரு சாக்கு. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய அரைக் கோடித் தட்டுகள் அவர் கையால் போயிருக்கின்றன. ஒருவராவது, ஒரே ஒருவராவது, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள். கேட்காமலே முடிந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு அண்மையில் வந்திருந்தது. வெளியில் சொல்ல முடியாத கவலை. சொன்னால் மைத்துனர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

ஞாயிறு இரவு முதல் உறைபனி விழும் என்று வானொலி அறிவித்தது. தரை இறுகிவிட்டால் மண்வெட்டி இறங்காது. ஆகவே சனிக்கிழமை பகல் முழுவதும் உப்பிலி தோட்டத்தைக் காலி செய்தார். விரல் நுனி மரத்துப்போகிற குளிரில் மண்டியிட்டு ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி, மண்ணைத் துடைத்து, பழுதில்லாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட கேரட்டுகள் உள்ளூர் அழகுப் போட்டிக்குப் போகிறவை போல வரிசையாகப் படுத்திருந்தன.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வேலை தொடங்கியது. பிரேக் அம்மா அடுப்புக்கு இடப்புறம் நாற்காலியைப் போட்டு, மாவுக்கட்டை மடியில் தலையணையின் மேல் வைத்துக்கொண்டு அமர்ந்தார். காரில் அமர்கிற அதே கோணம்.

"கத்தியப் பாத்து. ரோட்டப் பாரு, என்னப் பாக்காத. பரங்கிய இப்படி வெட்டினா வழுக்கும்... மெதுவா... மெதுவான்னு சொன்னேன்!" என்று சொல்லும்போதே அவர் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, தரைதான் இருந்தது.

"நான் நாளுக்கு நாப்பது கிலோ வெட்டறவன்."

"அதான் தெரியுதே, நாப்பது கிலோ வெட்டற மாதிரி. வீட்ல ரெண்டு பேருதான் இருக்கோம், என் தம்பி வந்தா மூணு. இந்தப் பரங்கிய வெச்சு ஒரு வார்டையே மூழ்கடிக்கலாம்."

உப்பிலிக்கு எல்லா அளவும் இருநூறு பேர் கணக்கில்தான் தெரியும். அதை அறுபதால் வகுத்துத்தான் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். இருப்பினும் பரங்கி வகுபட மறுத்தது. பாதியை ஒதுக்கிவைத்தார். தோல்களும் காம்புகளும் வெங்காயத் தாளும் உரத்துக்குப் போகிற வாளியில் விழுந்தன; காய்கள் சதுரம் சதுரமாக, விரல்நக அளவில், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல் குவிந்தன. அதைப் பார்க்கப் பிரேக் அம்மாகூட நாற்காலியிலிருந்து எட்டிக் குனிந்தார்.

அந்த வேளையில்தான் தொலைபேசி அடித்தது. பிரேக் அம்மாவிடம் பயிலும் பல் டாக்டர் ஒருவர், தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்ரோல் பங்கில் சிக்கிக்கொண்டாராம். பிரேக் அம்மா முன்னறைக்குப் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரிவர்ஸ் விழலையா? கிளட்ச முழுசா மிதிச்சீங்களா? முழுசான்னா முழுசா, டாக்டர். பாதி மிதிக்கிறதுக்குப் பேரு மிதிக்கிறது இல்ல, தடவிக் குடுக்கிறது... பின்னாடி எத்தன வண்டி நிக்குது? எண்ணாதீங்க, எண்ணாதீங்க, பயம் வரும்."

உப்பிலி தனியாக விடப்பட்டார். எதிரே வெட்டிய காய், பெரிய பானை, கொதிக்கிற தண்ணீர். நியாயமாகப் பார்த்தால் அவருக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வந்ததும் உண்மை. மகிழ்ச்சியில் மனம் எங்கோ போயிற்று. கை மட்டும் அடுப்படியில் இருந்தது.

அவர் கைக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். உப்பில்லாப் பிரிவின் சுவரில், கண்ணுக்கு நேராக, சிவப்பு எழுத்தில் உள்ள விதி: சிறுநீரக நோயாளிகளுக்கான காய்களைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், மறுபடி புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதையும் கொட்டிவிட வேண்டும். காய்க்குள் இருக்கிற உப்புச் சத்தெல்லாம் அப்போதுதான் வெளியேறும். கூடவே ருசியும் வெளியேறும் என்பதை மருத்துவர்கள் எழுதவில்லை.

கை கொதிக்க வைத்தது. வடிதட்டில் கொட்டியது. மறுபடி கொதிக்க வைத்தது. மறுபடி கொட்டியது. வழக்கம்போல் வடிதட்டை மூன்று முறை உதறியது. உதறும்போதுதான் உப்பிலியின் மூக்கில் ஒரு மணம் ஏறியது: மண்ணும் இனிப்பும் கலந்த, கேரட்டும் பரங்கியும் பீட்ரூட்டும் சேர்ந்த மணம். எங்கிருந்து என்று குனிந்து பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையிலிருந்து. ஐந்து மாத வெயில் செந்நிறமாகச் சுழன்று சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடைக்கு அப்படியொரு வாழ்வு அதற்குமுன் வந்ததில்லை.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நனைந்த காகிதம். விதிப்படி பார்த்தால், குற்றமே சொல்ல முடியாத சமையல்.

பல் டாக்டரைப் பங்கிலிருந்து வெளியேற்றிவிட்டுப் பிரேக் அம்மா திரும்பி வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார்; வடிதட்டைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? கைய வெட்டிக்கிட்டீங்களா?"

"வடிச்சுட்டேன்."

"எத?"

"தண்ணிய. ரெண்டு தடவ." வடிதட்டைக் கீழே வைத்து, "பழக்க தோஷம்" என்றார்.

பிரேக் அம்மாவுக்கு விஷயம் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் நாற்காலியில் சரிந்தார். சிரிப்பு வயிற்றில் தொடங்கித் தோளுக்கு ஏறி மாவுக்கட்டு வரை வந்தது. "ஐயோ, கை வலிக்குது... எனக்கு கிட்னி நல்லாத்தான் இருக்குங்க! ஒடஞ்சது கைதான்!" என்று சொல்லி மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரளவு இரக்கத்தோடே, "சரி விடுங்க. முட்டைய எடுங்க" என்றார்.

"மணி பதினொண்ணுதான் ஆகுது."

"அதுக்கு?"

"ஒரு மணிக்குத்தானே சாப்பாடு?" என்று சொல்லிவிட்டு உப்பிலி குனிந்தார். உரத்துக்குப் போகிற வாளியை இழுத்தார். மேலே கிடந்த காலைத் தேயிலைச் சக்கையை ஒதுக்கிவிட்டு, உள்ளே கையை விட்டார்.

"ஏங்க! என்ன பண்றீங்க? அது குப்பை!"

"ருசி பூரா இதுலதான் இருக்கு. இத மட்டும்தான் நான் கொதிக்க வைக்கல."

பரங்கித் தோல், கேரட் சீவல், வெங்காயத் தாள், பூண்டுத் தோல் எல்லாவற்றையும் மூன்று தண்ணீரில் அலசினார். ஒதுக்கி வைத்திருந்த பாதிப் பரங்கியையும் பிளந்து அதன் நாரையும் விதையையும் சேர்த்தார். வாணலியில் நெய் விட்டு, தோல்களின் ஓரம் கருகுகிறவரை வறுத்தார். ஆஸ்பத்திரியில் கருகல் என்பது விசாரணைக்குரிய குற்றம். உப்பிலி முதல் முறையாக அந்தக் குற்றத்தை மனமறிந்து செய்தார். தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினார். இம்முறை சக்கையைக் கொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டார். தம் கையை நம்ப முடியாததால் இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டார். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, வெளிறிப்போன காய்களை அதில் புரட்டி, அந்தப் பாதிப் பரங்கியை வேகவைத்து மசித்துப் போட்டு, அந்தச் சாற்றை ஊற்றினார். பானைக்குள் நிறம் வந்தது.

பிரேக் அம்மா நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார். கால் தரையை மிதிக்கவில்லை.

இனி உப்பு. உப்புச் சாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உப்பிலி நின்றார். எவ்வளவு போடுவது? தம் நாக்கைக் கேட்டால் அது ஒரு சிட்டிகையிலேயே அலறும். அந்த நாக்கை நம்பியே இருபத்திரண்டு ஆண்டு கெட்டாயிற்று. வீட்டில் நல்ல நாக்கு இன்னொன்று இருந்தது. ஆனால் அது எதிர்க்கட்சி. அது ஒரு பொய் சொன்னால் போதும், அடுப்பு நிரந்தரமாகப் போய்விடும். உப்பிலி கரண்டியில் சூப்பை எடுத்து, ஊதி ஆற்றி, மனைவியின் வாயருகே நீட்டினார்.

"நீயே சொல்லு. எனக்குத் தெரியல."

திருமணமான நாள் முதல் அவர் சொல்லாத வாசகம் அது. பிரேக் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கரண்டியை வாங்கி உறிஞ்சினார்.

"போடு" என்றார். பாடம் நடத்தும் குரல் வந்துவிட்டது.

ஒரு சிட்டிகை.

"போடு."

இன்னொரு சிட்டிகை.

"போடு, போடு, பயப்படாத, பின்னாடி யாரும் வரல. இன்னும் வா..."

"இது கொலை" என்று முணுமுணுத்தார் உப்பிலி.

"வா... வா... நிறுத்து!" கால் தரையை மிதித்தது. கை நின்றது.

ஒரு மணிக்கு மைத்துனர் வந்தார். டயர்க் கடைக்காரர், பிரேக் அம்மாவின் தம்பி. விபத்தைப் பார்க்கப் போகிறவரின் ஆவல் அவர் முகத்தில் தெரிந்தது.

"அத்தான் சமையலாமே! நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். சும்மா பாக்கலாம்னு."

"உக்காருங்க மாப்ளே. பாக்கறதுக்கும் கிண்ணம் வேணும்" என்று சொல்லி அவருக்கும் ஊற்றினார் உப்பிலி.

ஜன்னலுக்கு வெளியே வெறும் பாத்திகளும் காற்றும். உள்ளே ஆவி. அக்காளும் தம்பியும் குனிந்தார்கள். உப்பிலி தம் கிண்ணத்தைத் தொடவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தேர்வு முடிவு ஒட்டுகிற பலகையைப் பார்ப்பதுபோல் மனைவியின் கிண்ணத்தையே பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்த மைத்துனர் முதல் கிண்ணத்தை முடித்து, யாரையும் கேளாமல் தாமே ஊற்றிக்கொண்டார். அது கணக்கில் வராது. பந்தயம் அவரோடு இல்லை.

பிரேக் அம்மாவின் கிண்ணம் காலியாயிற்று. ரொட்டியால் துடைத்து அதையும் தின்றார். பிரேக் அம்மா பானையை நோக்கி இடக்கையை நீட்டி, கரண்டியைப் பிடித்துத் தாமே ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

"அக்கா, அப்ப அத்தான் ஜெயிச்சாச்சு!"

"எங்க ஜெயிச்சாரு? நான் கேட்டனா? எடுத்துக்கிட்டேன். கேக்கணும்னுதான் பேச்சு."

"நீ எடுத்த வேகத்தப் பாத்தா கேக்கறதுக்கு நேரமில்லாத மாதிரி இருந்துச்சு."

"டயருக்குக் காத்தடிக்கிற வேலைய மட்டும் பாருடா."

உப்பிலி வாதாடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். விதி என்றால் விதிப்படி நடந்தே பழகியவர். கேட்டால்தான் கணக்கு. கேட்கவில்லை. எனினும் ஒரு காலிக் கிண்ணத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று என்று தேற்றிக்கொள்ள முயன்றார். அவ்வளவாகத் தேறவில்லை.

மைத்துனர் மூன்றாவது கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டபின், பானையின் அடியில்தான் சூப் இருந்தது. காய் எல்லாம் தங்கி நிற்கிற, கெட்டியான, நல்ல பகுதி. பிரேக் அம்மா இரண்டாவது கிண்ணத்தை முடித்தார். மீண்டும் இடக்கையால் கரண்டியைப் பானைக்குள் விட்டார். அது ஆழமான பானை. கரண்டி அடியில் சுரண்டியதே தவிர எதையும் அள்ளவில்லை. சாய்த்துப் பிடித்தால் அள்ளலாம். சாய்த்துப் பிடிக்க வேண்டிய கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. முழங்கையால் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். பானை மேசையில் நகர்ந்தது. கரண்டி கிணுகிணுத்தது. மைத்துனர் உதவுவதற்கு எழுந்தார். உப்பிலி அவர் தொடையில் கை வைத்து அழுத்தி உட்கார்த்தினார்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றார் பிரேக் அம்மா.

"சும்மாதான்."

"பானையச் சாய்ச்சுப் பிடிக்கிறதுதானே?"

"எதுக்கு?"

கரண்டி இன்னும் இருமுறை சுரண்டியது. மைத்துனர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பாத்திகளை ஆராய்ந்தார். பிரேக் அம்மா கரண்டியை உள்ளே போட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார். ஒரு கணம் தம்மிடமே வைத்திருந்தார். பிறகு அதைக் கணவர் முன் நீட்டினார்.

"இன்னும் ஊத்துங்க."

உப்பிலி எழுந்தார். பானையை இரு கையாலும் தூக்கிச் சாய்த்தார். பாதியில், இதுவரை யாரிடமும் கேட்க நேராத ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியது.

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்" என்றார் பிரேக் அம்மா. "அப்புறம் ஞாயித்துக்கிழமை சமைக்கிற ஆளுதான் பாத்திரம் கழுவணும். அதையும் சேத்துக்கங்க."